வேலியில் விழுந்த பொட்டு: செயற்கை மென்சவ்வும் மின் துடிப்பும்

உயிருள்ளது எது, உயிரற்றது எது எனப் பிரித்துரைக்க முற்படுவோர் அசைவையும் மூச்சையும் வளர்ச்சியையுமே பெரும்பாலும் எடுத்துக் கூறுவர். இவை யாவற்றிற்கும் முற்பட்டதாக இன்னொன்று உண்டு. அது எல்லை. உள்ளே இருப்பது இது, வெளியே இருப்பது அது என்னும் வேறுபாடு தோன்றாத இடத்தில் உயிர் தோன்றுவதற்கில்லை. கடல் நீரில் உப்பும் சீனியும் அமிலமும் எவ்வளவுதான் செறிந்து கிடப்பினும், அவற்றைச் சூழ்ந்து ஒரு தோல் அமையும் வரையில் அவை கடலின் பகுதியேயன்றி வேறல்ல.

நம் உடம்பை ஆக்கியிருக்கும் கோடானுகோடி உயிர்க்கலங்கள் ஒவ்வொன்றையும் அத்தகைய தோல் ஒன்று சூழ்ந்திருக்கிறது. அதனை மென்சவ்வு என்கிறோம். அதன் தடிப்பு ஏறத்தாழ 5 நானோமீற்றர். ஒரு மில்லிமீற்றரை இரண்டு இலட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூறு. இத்துணை மெல்லிய ஒன்று உயிரின் காவலாக நிற்பது வியப்பே. அதனினும் வியப்பு யாதெனில், ஒரு செக்கனின் மிகச் சிறு பகுதியே நீடிக்கும் மின் துடிப்பொன்றினால் அக்காவலைத் திறக்கவும், பின்னர் அது தானே மூடிக்கொள்ளுமாறு விடவும் மனிதன் கற்றுக்கொண்டிருப்பதுதான்.

யாழ்ப்பாணத்து வளவொன்றை நினைத்துப் பார்த்தால் இக்கட்டுரையின் பொருள் எளிதில் விளங்கும். வளவைச் சுற்றி வேலி உண்டு. வருவோரும் போவோரும் செல்வதற்குப் படலை உண்டு. படலையைத் திறப்பதற்கும் சாத்துவதற்கும் வீட்டுக்காரர் இருக்கின்றனர். இவற்றோடு, வேலி நைந்த இடத்தில் ஒரு பொட்டும் விழுவதுண்டு. நாயும் கோழியும் அதனூடே நுழைந்து போகும். யாருடைய அனுமதியும் அதற்குத் தேவையில்லை. கலத்தின் மென்சவ்விலும் இவ்வாறே இலிப்பிட்டு எனப்படும் நெய்ப்பொருள் வேலியாக நிற்கிறது. அதனிடையே பதிந்திருக்கும் புரதங்கள் படலைகளாக அமைந்து, இன்ன அயன் செல்லலாம், இன்னது செல்லலாகாது எனத் தெரிந்து விடுகின்றன.

மின் துடிப்புப் பட்டதும் கலத்தினுள்ளே அந்நியப் பொருள்கள் புகுகின்றன என்பது தெரிய வந்தபோது விஞ்ஞானிகளின் முன் ஒரு வினா எழுந்தது. அப்பொருள்கள் எவ்வழியாகச் சென்றன? படலை பெயர்ந்ததா, அல்லது வேலியிலேயே பொட்டு விழுந்ததா? உயிருள்ள கலத்தை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வினாவுக்கு விடை காண முடியாது. அங்கே வேலியும் படலையும் பிரிக்கவியலாதபடி பிணைந்து கிடக்கின்றன. படலையே இல்லாத வெறும் வேலியொன்று வேண்டும். அந்த வேலியை மனிதன் தன் கையாலேயே கட்ட வேண்டியிருந்தது.

எண்ணெய்த் துளியிலிருந்து

இவ்வேலியின் வரலாறு ஓர் எண்ணெய்த் துளியில் தொடங்குகிறது. அமெரிக்க அறிஞரான பெஞ்சமின் பிராங்கிளின் இங்கிலாந்தில் வாழ்ந்த காலத்தில், கிளப்பம் என்னுமிடத்துக் குளமொன்றில் ஒரு தேக்கரண்டியளவு எண்ணெயை ஊற்றினார். காற்றினால் அலைந்துகொண்டிருந்த நீர்ப்பரப்பு ஏறத்தாழ அரை ஏக்கர் அளவுக்குக் கண்ணாடிபோல் அமைதியுற்றதைக் கண்டு 1774ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். அந்த எண்ணெயின் கனவளவை அந்தப் பரப்பினால் பிரித்திருப்பின் 2 அல்லது 3 நானோமீற்றர் என்னும் தடிப்பு விடையாகக் கிடைத்திருக்கும். ஒரு மூலக்கூறின் நீளத்தை அவர் தம் தேக்கரண்டியாலேயே அளந்துவிட்டார் எனலாம். ஆயினும் அக்கணக்கை அவர் செய்யவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் அது செய்யப்படாமலே கிடந்தது.

அதன்பின் இத்துறைக்கு அடிகோலியவர்களுள் ஒருவர் பல்கலைக்கழகப் படியே மிதியாத பெண்மணி. ஜேர்மனியின் பிறவுன்ஷ்வைக் நகரில் பெற்றோரைப் பராமரித்துக்கொண்டு வீட்டிலிருந்த அக்னஸ் பொக்கெல்ஸ் அம்மையார், சமையலறையில் கிடைத்த தகரத் தொட்டியிலே நீரை நிரப்பி, அதன்மேற் படியும் அழுக்கும் எண்ணெயும் பரப்பிழுவையை எவ்வாறு மாற்றுகின்றன என அளந்தார். அவர் எழுதிய கடிதத்தைப் பெற்ற இங்கிலாந்தின் றேலி பிரபு, அதன் அருமையை உணர்ந்து, 1891இல் 'நேச்சர்' என்னும் விஞ்ஞான இதழில் வெளிவரச் செய்தார். பெரிய கருவி எதுவுமின்றியே பெரிய உண்மையைக் காண முடியும் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்றாக நிற்கிறது.

1925இல் ஒல்லாந்தின் லெய்டன் நகரில் கோர்ற்றர், கிரெண்டல் என்னும் இருவரும் செங்குருதிக்கலங்களிலிருந்து இலிப்பிட்டைப் பிரித்தெடுத்து நீரின்மேற் பரப்பினர். அது மூடிய பரப்பு, அக்கலங்களின் மேற்பரப்பைப் போல இருமடங்காக இருந்தது. எனவே கலத்தைச் சூழ்ந்திருப்பது ஒரு படையன்று, ஒன்றோடொன்று முதுகொட்டி நிற்கும் இரு படைகள் என முடிவு கட்டினர். இலிப்பிட்டு மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் நீரை விரும்பும் தலையொன்றும், நீரை வெறுக்கும் வால்கள் இரண்டும் உண்டு. தலைகள் இரு புறமும் நீரை நோக்க, வால்கள் நடுவே ஒளிந்துகொள்கின்றன. அவர்களுடைய அளவீட்டிலே இரண்டு பிழைகள் இருந்தன என்பது பின்னர் தெரிய வந்தது. இலிப்பிட்டு முழுவதையும் அவர்கள் பிரித்தெடுக்கவில்லை. கலத்தின் பரப்பையும் குறைத்தே மதிப்பிட்டிருந்தனர். ஒரு பிழை மற்றதை ஈடுசெய்ய, முடிவு மட்டும் சரியாக அமைந்துவிட்டது.

கறுப்புச் சவ்வு

செயற்கை வேலி கட்டப்பட்டது அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலாகும். மியூலர், றூடின், தியென், வெஸ்கொட் என்னும் நால்வர் 1962இல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டனர். அவர்கள் கையாண்ட முறை மிக எளியது. நீருள் அமிழ்ந்திருக்கும் பிளாஸ்ரிக் சுவரொன்றில் ஒரு மில்லிமீற்றரளவான துளை. மாட்டு மூளையிலிருந்து எடுத்த இலிப்பிட்டின் கரைசலைத் தூரிகையில் தோய்த்து அத்துளையின்மேல் தடவினர். முதலில் அப்படலம் வானவில்லின் நிறங்களைக் காட்டியது. சிறிது நேரத்தில் அதனிடையே கறுப்புப் புள்ளிகள் தோன்றிப் பரந்து, ஈற்றில் படலம் முழுவதும் கறுத்துப் போயிற்று. கறுத்தது என்றால் அழிந்தது என்பதன்று. ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடுகையில் அது அத்துணை மெலிந்துவிட்டமையால், அதன் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் தெறிக்கும் ஒளி ஒன்றையொன்று அழித்துவிடுகிறது என்பதே பொருள். அவ்வாறு கறுத்த சவ்வு இரண்டே மூலக்கூறுகளின் தடிப்புடையது.

இதனை ஒத்த காட்சியொன்றை ஆசிரியர்கள் வகுப்பறையிலேயே மாணவருக்குக் காட்டலாம். கம்பி வளையமொன்றைச் சவர்க்கார நீரில் தோய்த்து நிமிர்த்திப் பிடித்தால், நிறப்பட்டைகள் மெல்லக் கீழிறங்குவதையும், உடைவதற்குச் சற்று முன்னர் வளையத்தின் மேற்பகுதி கறுப்பதையும் காணலாம். சவர்க்காரப் படலத்தின் இக்கறுப்பை றொபேட் ஹூக் 1672இலேயே எடுத்துரைத்தார். நியூட்டனும் அதனை ஆராய்ந்தார். சவர்க்காரப் படலத்தில் இரு புறமும் காற்று, நடுவே நீர். பிலடெல்பியாவின் சவ்விலோ இரு புறமும் நீர், நடுவே நெய். உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பப்பட்ட சவர்க்காரப் படலமே அது.

அதே பத்தாண்டில் இங்கிலாந்தின் பேபிரகாம் ஆராய்ச்சி நிலையத்தில் அலெக் பங்கம் என்பார், இலிப்பிட்டு நீரிற் கலந்தபோது தானாகவே சிறு பைகளாக மூடிக்கொள்வதைக் கண்டார். இவை இலிப்போசோம் எனப் பெயர் பெற்றன. இவ்வாறு, தட்டையான சவ்வொன்றும் உருண்டையான சவ்வொன்றும் ஆராய்ச்சியாளருக்குக் கிடைத்தன. இரண்டிலும் புரதம் இல்லை, உயிரும் இல்லை. வேலி மட்டுமே உண்டு.

சவ்வைத் தாக்கும் மின்சாரம்

இனி மின்சாரத்தை நோக்குவோம். உப்புக் கலந்த நீர் மின்னைக் கடத்தும், நெய் கடத்தாது. ஆகவே இரு புறமும் நீரும் நடுவே நெய்யுமாக அமைந்த மென்சவ்வு, பௌதிக மாணவர் நன்கறிந்த கொள்ளளவியேயாகும். வெளியிலிருந்து மின்புலம் ஒன்றைச் செலுத்தினால், நீரிலுள்ள அயன்கள் ஓடிவந்து சவ்வின் இரு முகங்களிலும் குவிகின்றன. மின்னழுத்த வேறுபாடு முழுவதும் அந்த 5 நானோமீற்றர் இடைவெளியின்மீதே விழுகிறது.

அதன் கடுமையை எண்களே உணர்த்தும். அமைதியாக இருக்கும் நரம்புக்கலமொன்றின் மென்சவ்வில் ஏறத்தாழ 0.07 வோல்ற்று அழுத்தம் எப்போதும் உண்டு. கைவிளக்கின் மின்கலத்தோடு ஒப்பிட இது ஒன்றுமேயில்லை. ஆயினும் சவ்வின் தடிப்பால் பிரித்துப் பார்த்தால், சென்ரிமீற்றருக்கு 1,40,000 வோல்ற்று எனவாகிறது. காற்றைக் கிழித்து மின்பொறி பாய்வதற்குச் சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 30,000 வோல்ற்றே போதுமானது. நம் நரம்புக்கலங்கள் மின்னலைத் தோற்றுவிக்கும் புலத்தினும் வலிய புலத்தை நாள் முழுவதும் தாங்கிக்கொண்டே வாழ்கின்றன! சவ்வின் அழுத்தம் 1 வோல்ற்றை எட்டும்போது புலம் 20 இலட்சம் ஆகிறது. அந்த அளவிலேதான் வேலி இளகுகிறது.

வெளியிலிருந்து செலுத்தும் மின்புலம் எவ்வளவு இருந்தால் சவ்வில் 1 வோல்ற்று விழும் என்பது கலத்தின் பருமனைப் பொறுத்தது. உருண்டையான கலத்தின் முனைகளில் விழும் அழுத்தம், மின்புலத்தை ஆரையாற் பெருக்கி, அதனை ஒன்றரை மடங்காக்கினால் வரும் தொகையாகும். 10 மைக்ரோமீற்றர் ஆரையுள்ள விலங்குக் கலமொன்றுக்குச் சென்ரிமீற்றருக்கு 700 வோல்ற்றிலும் சற்றுக் குறைந்த புலம் போதும். அரை மைக்ரோமீற்றர் ஆரையுள்ள பற்றீரியாவுக்கு 13,000 வோல்ற்று வேண்டும். 50 நானோமீற்றர் ஆரையுள்ள இலிப்போசோமுக்கோ 1,30,000 வோல்ற்றுக்கு மேல் வேண்டும். பெரியது எளிதில் உடையும், சிறியது தப்பும் என்னும் இவ்விதி பிற்காலத்துப் பயன்பாடுகள் பலவற்றிற்கு அடிப்படையாயிற்று.

நரம்பின் மென்சவ்வு மின்னால் உடைந்து மீண்டும் பழைய நிலைக்கு வருவதை 1958இல் ஸ்ரெம்ப்லி என்பார் கண்டு எழுதியிருந்தார். 1967இல் இங்கிலாந்தின் சேல், ஹமில்ற்றன் ஆகிய இருவரும் பற்றீரியாக்களையும் மதுவத்தையும் வலிய மின் துடிப்புகள் கொல்வதைக் காட்டினர். ஒவ்வொரு துடிப்பும் 2 முதல் 20 மைக்ரோசெக்கன் வரையே நீடித்தது. கொன்றது சூடுமன்று, மின்பகுப்பினால் உண்டான நச்சுப் பொருளுமன்று, மென்சவ்வு தன் காவலை இழந்தமையே என அவர்கள் நிறுவினர். 1972இல் நொய்மனும் றொசன்ஹெக்கும், உடலிலிருந்து பிரித்த நுண்பைகளில் மின் துடிப்பினால் உண்டாகும் திறப்புத் தற்காலிகமானது என்பதைக் காட்டினர். ஆயினும் இவை யாவும் உயிரிலிருந்து வந்த சவ்வுகள். படலையா, பொட்டா என்னும் வினா அப்படியே நின்றது.

பொட்டு விழும் விதம்

1979இல் இரு நாடுகளிலிருந்து விடை வந்தது. ஜேர்மனியில் பென்ஸ், பெக்கர்ஸ், ட்சிமர்மன் ஆகியோர் செயற்கைச் சவ்வொன்றுக்கு ஒரு மைக்ரோசெக்கனிலும் குறைந்த நேரத்தில் மின்னேற்றினர். அழுத்தம் ஏறத்தாழ 1 வோல்ற்றை எட்டியதும் சவ்வின் மின்கடத்துதிறன் பன்மடங்காகப் பெருகிற்று. சேமித்த மின் முழுவதும் சவ்வினூடே வழிந்தோடியது. ஆனால் சவ்வு கிழிந்துவிடவில்லை. சில மைக்ரோசெக்கன்களுள் பழையபடி கடத்தாப் பொருளாயிற்று. புரதம் என்பது பெயருக்கும் இல்லாத சவ்விலே இது நிகழ்ந்தது! எனவே மின் துடிப்புக்குப் படலை தேவையில்லை. வேலியிலேயே பொட்டு விழும் என்பது உறுதியாயிற்று.

அதே ஆண்டில் மொஸ்கோவில் சிஸ்மாஜேவ், அபிடோர் முதலியோர் வெளியிட்ட தொடர் கட்டுரைகள், பொட்டு எவ்வாறு விழுகிறது என்பதைக் கணித வாயிலாக விளக்கின. அதனைச் சமன்பாடின்றியும் கூறலாம். சவ்விலுள்ள மூலக்கூறுகள் வெப்பத்தினால் ஓயாது அசைந்துகொண்டிருப்பவை. அவ்வசைவில் ஆங்காங்கே மிக நுண்ணிய துளைகள் தோன்றியவண்ணம் இருக்கும். துளை தோன்றினால் அதற்கு விளிம்பு ஒன்று வேண்டும். விளிம்பிலே இலிப்பிட்டுகள் வளைந்து, தம் தலைகளை நீரின் பக்கம் திருப்பி நிற்க வேண்டும். அதற்குச் சக்தி செலவாகும். துளை பெருத்தால் விளிம்பு நீளும். செலவும் ஆரையோடு ஒத்துப் பெருகும். இன்னொரு புறத்தில், துளை பெருக்கப் பெருக்கச் சவ்வின் இழுவை தளர்வதனால் சக்தி மீளவும் கிடைக்கிறது. இந்த வரவோ ஆரையின் வர்க்கத்தோடு ஏறும்.

துளை சிறிதாயிருக்கும்போது செலவு மிகுதி. ஆகவே அது சுருங்கி மறைகிறது. ஓர் எல்லையைத் தாண்டியதும் வரவு மிகுதி. ஆகவே அது பெருத்துச் சவ்வையே கிழித்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு மேடு நிற்கிறது. சவ்வு பிழைத்திருப்பது அந்த மேட்டின் உயரத்தினாலேயே. மின்சாரம் செய்வது யாதெனில், அம்மேட்டைத் தாழ்த்துவதாகும். நீர் நெய்யைவிட மின்புலத்துக்கு மிகவும் இசைந்தது. ஆதலால் அழுத்தம் ஏறியதும், நெய் இருந்த இடத்தில் நீர் புகுவது இலாபமாகிறது. அந்த இலாபம் அழுத்தத்தின் வர்க்கத்தோடு பெருகும். அழுத்தத்தை இருமடங்காக்கினால் தள்ளுவிசை நான்கு மடங்காகும். 1 வோல்ற்றுக்குக் கிட்ட வரும்போது வேலி திடீரென இளகுவது இதனாலேதான்.

ஆகவே மின் துடிப்பின் விளைவு இரண்டு அளவுகளைப் பொறுத்தது: எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம். துடிப்பு குறுகியதாயின், துளைகள் மேட்டைத் தாண்டுவதற்கு முன்னரே அழுத்தம் நீங்கிவிடும். அவை சுருங்கி மூடிக்கொள்ளும். துடிப்பு நீண்டால், துளையொன்று மேட்டைத் தாண்டிவிடும், பின்னர் மீட்சியில்லை. சவ்வு எதனால் ஆனது என்பதும் பொருட்டே. ஆப்பு வடிவமான லைசோலெசிதின் சேர்ந்தால் விளிம்பு எளிதில் வளையும், துளையும் எளிதில் விழும். கொலஸ்திரோலோ சில இலிப்பிட்டுகளோடு கூடி விளிம்பைக் கடினமாக்குகிறது; வேறு சிலவற்றோடு கூடி அதற்கு மாறாகவும் செய்கிறது.

கணிதம் கூறியதைக் கண்ணாற் காணும் காலமும் வந்தது. 2005இல் ஜேர்மனியின் பொட்ஸ்டாம் அருகிலுள்ள மக்ஸ் பிளாங்க் நிலையத்தில் கரின் றிஸ்கே, றுமியானா டிமோவா என்னும் இரு பெண் விஞ்ஞானிகள், நுணுக்குக்காட்டியிற் காணத்தக்க பெரிய இலிப்போசோம்களுக்கு மின் துடிப்பைக் கொடுத்து, செக்கனுக்கு 30,000 படங்கள் வரை பிடிக்கும் கருவியாற் படம் பிடித்தனர். உருண்டைப் பைகள் நீள்வட்டமாக நீள்வதும், அவற்றில் சில மைக்ரோமீற்றர் அளவான துளைகள் திறப்பதும், ஏறத்தாழ 10 மில்லிசெக்கனுள் அவை தாமாகவே மூடிக்கொள்வதும் அப்படங்களில் தெளிவாகப் பதிந்தன. துளை பிறக்கும் கணத்தைக் கணினிகள் காட்டின. மின்புலத்தினால் இழுக்கப்பட்ட நீர் மூலக்கூறுகள் இழைபோல் ஒன்றன்பின் ஒன்றாய் நெய்யினுள் நுழைகின்றன. அவற்றைப் பின்தொடர்ந்து இலிப்பிட்டின் தலைகள் உள்ளே திரும்பி விளிம்பை அமைக்கின்றன. கணினி காட்டும் இந்நிகழ்ச்சி வலிய மின்புலத்தில் சில நானோசெக்கன்களிலேயே முடிந்துவிடுகிறது.

பொட்டினால் விளைந்த பயன்

இத்தனை நுட்பமும் எதற்கு என்று வினவலாம். 1982இல் நொய்மனும் அவருடைய துணைவர்களும், குறிப்பிட்ட பரம்பரையலகு ஒன்று இல்லாத எலிக்கலங்களை எடுத்துக்கொண்டு, அப்பரம்பரையலகைக் கொண்ட டீ.என்.ஏ. இழைகளோடு கலந்து, சென்ரிமீற்றருக்கு 8,000 வோல்ற்று அளவான துடிப்புகளைக் கொடுத்தனர். துடிப்பு ஒவ்வொன்றும் 5 மைக்ரோசெக்கனே நீடித்தது. சில கலங்கள் அப்பரம்பரையலகை ஏற்று, அது இல்லாதவை வாழவியலாத ஊடகத்திலும் வாழ்ந்து பெருகின. அதன்பின் உலகெங்குமுள்ள ஆய்வுகூடங்களில் இம்முறை அன்றாட வழக்கமாயிற்று.

பிளியோமைசின் என்பது புற்றுநோயைக் கொல்லும் வலிய மருந்து. ஆயினும் கலத்தின் வேலியைத் தாண்ட வல்லதன்று. பாரிஸ் நகரை அடுத்த குஸ்தாவ் றூசி நிலையத்தில் லூயி மீர் முதலியோர், கட்டியின்மேல் மின் துடிப்பைக் கொடுத்து அம்மருந்தை உட்செலுத்தும் சிகிச்சையை 1991இல் மனிதரிற் செய்த முதற் பரிசோதனையாக வெளியிட்டனர். 100 மைக்ரோசெக்கன் நீடிக்கும் எட்டுத் துடிப்புகள், மருந்தின் ஆற்றலைக் கலத்தளவிலே நூற்றுக்கணக்கான மடங்கு பெருக்குகின்றன. தோலின்மேற் பரவிய புற்றுக்கட்டிகளுக்கு ஐரோப்பிய மருத்துவமனைகளில் இச்சிகிச்சை இன்று வழங்கி வருகிறது.

மூடாத பொட்டும் பயன்படுகிறது. ஒழுங்கு தவறித் துடிக்கும் இதயத்தில், பிழையான சைகை புறப்படும் தசையை மீளா வகையில் துளைத்தழிக்கும் கருவிகளுக்கு அமெரிக்காவில் 2023 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கீகாரம் கிடைத்தது. சூட்டினால் எரிக்கும் பழைய முறையில் அண்டையிலுள்ள உணவுக்குழாய்க்கும் ஆபத்து உண்டு. மின் துடிப்போ இதயத்தசையைத் தாக்கும் அளவுக்கு அயலைத் தாக்குவதில்லை. உருளைக்கிழங்கைப் பொரிப்பதற்கு முன்னர் அதன் கலங்களைத் துளைத்து இளக்குவதற்கும் பெருந்தொழிற்சாலைகள் இதே துடிப்பைக் கையாள்கின்றன.

இவற்றுள் நம் நாட்டவர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 2023 நவம்பரில் பிரித்தானியா 'காஸ்ஜெவி' என்னும் சிகிச்சைக்கு அனுமதி வழங்கியது. நோயாளியின் குருதியை ஆக்கும் மூலக்கலங்களை வெளியே எடுத்து, மின் துடிப்பால் அவற்றின் மென்சவ்வைத் திறந்து, பரம்பரையலகைத் திருத்தும் கத்தரியை உள்ளே செலுத்தி, மீண்டும் உடலிற் சேர்க்கும் சிகிச்சை அது. அரிவாட்கல நோய்க்கும், குருதியேற்றத்தை நம்பியே வாழவேண்டிய தலசீமியா நோய்க்கும் உரியது. குருநாகல் முதலான மாவட்டங்களில் தலசீமியா பிள்ளைகளின் துன்பத்தை நேரிற் கண்டவர்கள் இச்செய்தியின் பெறுமதியை உணர்வர். மாதந்தோறும் குருதியேற்றி, அதனால் உடலிற் சேரும் இரும்பை அகற்றுவதற்கு ஓயாது மருந்துண்டு வாழும் பிள்ளைகள் அவர்கள். ஆனால் அமெரிக்காவில் இச்சிகிச்சைக்கு விதிக்கப்பட்ட விலை ஒருவருக்கு 22 இலட்சம் டொலர். கலத்தின் வேலியில் பொட்டு வைக்கக் கற்றுவிட்டோம். அந்தப் பயனுக்கும் ஏழை நாட்டுப் பிள்ளைக்கும் நடுவே நிற்கும் வேலி இன்னும் அப்படியே நிற்கிறது.

மாதிரி சொல்லாதவை

செயற்கைச் சவ்வு யாவற்றையும் சொல்லிவிட்டது எனக் கருதுவதும் பொருந்தாது. அதில் விழும் துளை மைக்ரோசெக்கன்களிலோ மில்லிசெக்கன்களிலோ மூடிவிடுகிறது. உயிருள்ள கலமோ துடிப்பு நின்று பல நிமிடங்கள் சென்ற பின்னும் பொருள்களை உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறது. பொட்டு மூடிய பின்னும் ஏன் கசிகிறது? மின்சாரத்தினால் இலிப்பிட்டின் வால்கள் ஒட்சியேற்றமடைந்து நைந்துபோவதே காரணம் என்பர் சிலர். புரதங்கள் சிதைவதனால் என்பர் வேறு சிலர். சவ்வின் அடியில் அதனைத் தாங்கி நிற்கும் நார்வலை கலைவதனால் என்பாரும் உளர். மூன்றும் கூடி நிகழ்தலும் இயல்பே. டீ.என்.ஏ. இழையும், திறந்த வாயிலினூடே காற்றுப்போற் புகுந்துவிடுவதில்லை. துடிப்பின்போது அது சவ்விலே ஒட்டிக்கொள்கிறது. உள்ளே செல்வது அதன்பின் நிமிடக்கணக்கில் மெல்ல நிகழும் செயல் என்பதை 2002இல் பிரான்சின் துலூஸ் நகர ஆராய்ச்சியாளர்கள் படம் பிடித்துக் காட்டினர்.

இவற்றால் செயற்கைச் சவ்வின் மதிப்புக் குறைந்துவிடவில்லை. கூடியிருக்கிறது என்றே சொல்ல வேண்டும். வெறும் நெய் எவ்வளவு செய்யும் என்பதை அது துல்லியமாக அளந்து காட்டியிருப்பதாலேதான், உயிர் அதற்கு மேலே செய்வது எவ்வளவு என்பதை நாம் பிரித்தறிய முடிகிறது. அளவுகோல் இல்லாதவன் மிகுதியையும் அறியான், குறைவையும் அறியான். ஒன்றை விளங்கிக்கொள்வதற்கு அதனிலும் எளிய ஒன்றை நாமே கட்டிப் பார்ப்பது, அது எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தாமற் போகிறது என இரண்டையும் குறித்துக்கொள்வது, இதுவே விஞ்ஞானத்தின் நடைமுறை. பொருந்தாத இடம் தோல்வியன்று; அடுத்த வினா பிறக்குமிடம் அதுவே.

குளத்தில் எண்ணெய் ஊற்றியவரும், சமையலறைத் தொட்டியில் நீரை அளந்தவரும், மாட்டு மூளையின் நெய்யைத் தூரிகையால் தடவியவரும் தலசீமியாவுக்கு மருந்து தேடியவர்களல்லர். எண்ணெய் ஏன் பரவுகிறது, படலம் ஏன் கறுக்கிறது என்பனபோன்ற, கேட்போர் நகைக்கத்தக்க சிறு வினாக்களையே அவர்கள் கேட்டனர். விடை கிடைக்கும் வரை விடாது கேட்டனர். 'இதனால் என்ன பயன்?' என்னும் கேள்வியை மாணவன் வாயில் முதலிலேயே வைத்துவிடும் கல்வி, இத்தகையவர்களை உண்டாக்க மாட்டாது. சவர்க்காரப் படலத்தின் உச்சியில் தோன்றும் கறுப்பைப் பார்த்து 'ஏன்?' எனக் கேட்கும் பிள்ளை நம் வகுப்பறைகளிலும் இருக்கக்கூடும். அப்பிள்ளையின் வினாவுக்கு இடம் கொடுப்பது ஆசிரியர் கையில் உள்ளது.